சட்டம் நம் வீட்டில்: அம்மா போனில் இருந்த சாட்சி

"ஆளு சரியான ஃபோர் ட்வென்டி!"

யாராவது ஏமாற்றிவிட்டால் ஊரில் இன்றைக்கும் இப்படித்தான் திட்டுகிறார்கள். 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, சட்டம் படிக்காதவர்களின் வாயிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால், 2024 ஜூலை 1-ம் தேதிக்குப் பிறகு நடந்த மோசடிக்கு எஃப்.ஐ.ஆரில் அந்த நம்பர் வராது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் அது 318(4).

நம்பர் மாறியதைப் பழகிக்கொள்ளலாம். அதே நாளில் இன்னொன்றும் மாறியது. உங்கள் போனில் இருக்கும் மெசேஜ், ஆடியோ, வீடியோ ஆகியவற்றைக் கோர்ட்டில் எப்படிக் காட்ட வேண்டும் என்ற விதி அது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பெரம்பலூர், அரியலூர் போன்ற சின்ன ஊர்களின் வக்கீல்கள் இப்போது அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

80 மூட்டை மக்காச்சோளம்

வேப்பந்தட்டை பக்கத்தில் ஒரு கிராமம். மாசி மாதம், மக்காச்சோள அறுவடை முடிந்து களத்தில் குவிந்து கிடக்கிறது. நிலப் பட்டா, வங்கிக் கணக்கு இரண்டும் அம்மா பெயரில். நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு வியாபாரி வருகிறார். 80 மூட்டை, மொத்தம் 1,76,000 ரூபாய் என்று பேசி முடிக்கிறார்கள்.

லோடு ஏற்றும்போதே அம்மாவின் போனுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. பணம் அனுப்பியாகிவிட்டது என்று அதில் இருக்கிறது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அம்மா, பணம் போட்டாச்சு. பேங்க்ல சர்வர் டவுனாம். நாளைக்குக் காலையில ஏறிடும். நீங்க லாரியை விடுங்க."

லாரி போய்விட்டது. பணம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பத்து நாள் கழித்துத்தான், அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அதே போன்ற ஸ்கிரீன்ஷாட் வந்திருப்பது தெரிகிறது. வங்கியில் விசாரித்தால், அப்படி ஒரு பணப் பரிமாற்றமே நடக்கவில்லை என்கிறார்கள்.

மகன் ஸ்டேஷனுக்குப் போகிறார். "வாங்கின பொருளுக்குப் பணம் தரலைன்னா அது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள்.

பல நேரங்களில் இது சரியான பதில்தான். பொருளை வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுத்தடிப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. ஆனால் இங்கே, பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டித்தான் லாரியே கிளம்பியிருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் முதல் நிமிடத்திலேயே இருந்தது என்பதற்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டும் வாய்ஸ் மெசேஜும்தான் சாட்சி. அவை இல்லையென்றால் வெறும் கடன் பாக்கி. அவை இருந்தால், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள 318(4).

"ஒரிஜினல் எங்கே?"

மகன் பெரம்பலூரில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறார். கையில் ஒரு ஃபைல். எல்லா மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிரின்ட் போட்டு, வரிசையாக அடுக்கியிருக்கிறார். வாய்ஸ் மெசேஜ்களைப் பென்டிரைவில் ஏற்றியிருக்கிறார்.

ஜூனியர் வக்கீல் ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "ஒரிஜினல் எந்த போன்ல இருக்கு?"

"என் போன்லதான் மேடம் இருந்துச்சு. போன மாசம் எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டுப் புது போன் வாங்கிட்டேன். அதான் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து வெச்சிருக்கேனே?"

"உங்க போனுக்கு வந்த மெசேஜா?"

"இல்ல. அம்மா போனுக்கு வந்ததை நான் என் போனுக்கு ஃபார்வேர்டு பண்ணிக்கிட்டேன்."

"அம்மா போன் எங்க?"

மகன் கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொல்கிறார். "அது பழைய போன் மேடம். ஸ்டோரேஜ் ஃபுல். அம்மாவுக்கு எதையும் டெலிட் பண்ணத் தெரியாது."

ஜூனியர் நிமிர்ந்து உட்கார்கிறார். "நல்லவேளை. இன்னைக்கே போய் அந்த போனை எடுத்து வைங்க. அதுல யாரும் எதையும் தொடாதீங்க."

அம்மாவுக்குப் படிக்க வராது என்று தெரிந்துதான் அந்த வியாபாரி எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தார். அவர் குரலிலேயே அத்தனையும் பதிவாகியிருக்கிறது.

ஒரு கையெழுத்து இரண்டானது

ஏன் பிரின்ட் போதாது?

போனில் இருப்பதை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம், தேதியை மாற்றலாம். அதனால்தான் பழைய சாட்சியச் சட்டத்திலேயே 65பி என்ற பிரிவு இருந்தது. மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுத்தால், "இது இந்தக் கருவியிலிருந்து இப்படி எடுக்கப்பட்டது" என்று அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் தர வேண்டும்.

இந்தச் சான்றிதழ் வெறும் சம்பிரதாயமா, கட்டாயமா என்று பல வருடம் வழக்கு நடந்தது. மகாராஷ்டிராவின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில், வீடியோ பதிவுகளை ஏற்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. உரிமையாளரே ஒரிஜினல் கருவியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து, கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்றும் சொன்னது.

1872-ம் வருடச் சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷிய அதினியம் வந்தபோது, 65பி இருந்த இடத்துக்கு 63-வது பிரிவு வந்தது. அதில் இரண்டு மாற்றங்கள்.

முதல் மாற்றம், சான்றிதழ் இப்போது இரண்டு பாகம். 'அ' பாகத்தில் போனுக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். 'ஆ' பாகத்தில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது மாற்றம், 'ஹேஷ்' என்ற எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் உயில் கவர் மேல் அரக்கு முத்திரை வைப்பார்களே, அதுபோல ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆடியோ ஃபைலை அதற்கான மென்பொருளில் போட்டால், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரிசை வரும். ஷா-256 என்ற முறையில் அது 64 எழுத்துகள். அந்த ஃபைலில் அரை நொடியை வெட்டினாலும் வரிசை முழுக்க மாறிவிடும். இன்றைக்கு எடுத்த ஹேஷும் இரண்டு வருடம் கழித்து விசாரணையில் எடுக்கும் ஹேஷும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம்.

நல்ல விதிதான். பொய்யான ஆடியோவை யாரும் உருவாக்கிவிடக்கூடிய இந்தக் காலத்துக்குத் தேவையான விதியும்கூட. சிக்கல் அந்த இரண்டாவது கையெழுத்தில் இருக்கிறது.

நிபுணர் எங்கே இருக்கிறார்?

யார் நிபுணர்? கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவரா, கல்லூரிப் பேராசிரியரா, தடயவியல் ஆய்வகத்தில் இருப்பவரா? 63-வது பிரிவுக்குள் இதற்கு விளக்கம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கும் மின்னணுச் சாட்சிய ஆய்வாளர்தான் நிபுணர் என்பது ஒரு வாதம். அந்தத் துறையில் அறிவுள்ள யாராக இருந்தாலும் போதும் என்பது இன்னொரு வாதம்.

புதிய சட்டம் வந்த நான்கே மாதத்தில் இது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கு அது. மனைவியின் போன் அழைப்பு விவரங்களைக் கணவர் எடுத்து ஆதாரமாகக் கொடுத்திருந்தார். சான்றிதழிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான பகுதி. செய்திகளில் பெரிதாக வந்ததும் அதுதான். ஆனால், வக்கீல்கள் அடிக்கோடு போட்டு வைத்திருப்பது இன்னொரு பகுதியை. தமிழ்நாட்டில் 79ஏ பிரிவின் கீழ் நிபுணர் யாரும் அறிவிக்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய நீதிபதி, மூன்று மாதத்துக்குள் போதுமான நிபுணர்களை அறிவிக்க வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார்.

அதாவது, நிபுணர் கையெழுத்துக் கட்டாயம் என்று சட்டம் அமலுக்கு வந்த நாளில், கையெழுத்துப் போட வேண்டிய ஆள் மாநிலத்திலேயே இல்லை.

அந்தத் தீர்ப்பின் அந்தரங்க உரிமைப் பகுதிக்கு மாறான பார்வை பிறகு வந்தது. கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், ஏற்கலாம் என்பது வேறு, அது உண்மைதான் என்று நிரூபிப்பது வேறு. 63-வது பிரிவின் வேலை அப்படியே இருக்கிறது.

போலீஸ் வழக்கு ஒரு பாதை, சிவில் வழக்கு ஒரு பாதை

வேப்பந்தட்டை அம்மாவுக்கு இப்போது இரண்டு பாதைகள்.

ஒன்று, கிரிமினல் வழக்கு. ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், அதை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வழக்குப் பதிவானால், போலீஸே போனைக் கைப்பற்றித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பும். நிபுணர் கையெழுத்து அந்த வழியாகவே கிடைத்துவிடும். அம்மாவுக்குச் செலவில்லை. ஆனால், போன் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகலாம். இடைக்காலமாகத் திருப்பித் தரும்படி கோர்ட்டில் கேட்கலாம்.

கிரிமினல் வழக்கில் ஜெயித்தால் வியாபாரிக்குத் தண்டனை கிடைக்கும். 1,76,000 ரூபாய் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் இரண்டாவது பாதை, சிவில் வழக்கு. விற்ற பொருளுக்கான பணத்தைக் கேட்டு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இங்கேயும் அதே வாய்ஸ் மெசேஜ், அதே 63-வது பிரிவு. ஆனால் போலீஸ் இல்லை. நிபுணரைத் தேடிப் பிடிப்பதும், அவர் கேட்கும் கட்டணத்தைக் கொடுப்பதும் அம்மாவின் பொறுப்பு. கடன் வாங்கி விதை வாங்கியவருக்கு அது லேசான செலவல்ல.

பெரிய நகரத்தில் பெரிய கம்பெனி வழக்குப் போட்டால், தனியார் தடயவியல் நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் 'ஆ' பாகம் வந்துவிடும். பெரம்பலூரில் அப்படி வராது. "எங்க போயி வாங்குறது பாப்பா?" என்று அம்மா கேட்டால், ஜூனியர் வக்கீலிடம் ஒரே வார்த்தையில் பதில் இல்லை. கட்சிக்காரர்களுக்கு இது புரிவதில்லை. "போன்லதான் எல்லாம் இருக்கே, இன்னும் என்ன வேணும்?" என்று வக்கீல் மேல் கோபப்படுகிறார்கள்.

சிமென்ட் சாலையில் ஒரு கேமரா

அரியலூர் பக்கம் இதே பிரச்னைக்கு வேறு முகம். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஓடும் சாலைகள் அவை. ஒரு விபத்து நடக்கிறது, பைக்கில் போனவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் 304ஏ, இரண்டு ஆண்டு வரை தண்டனை. இப்போது 106(1), ஐந்து ஆண்டு வரை.

எதிரே இருக்கும் டீக்கடையின் சிசிடிவியில் லாரி வந்த விதம் பதிவாகியிருக்கிறது. உறவினர் ஒருவர் கடைக்குள் போய், மானிட்டரில் ஓடும் காட்சியைத் தன் போனில் படம் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். எல்லோரும் பார்க்கிறார்கள், அழுகிறார்கள். ஆதாரம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

கேமராப் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய காட்சிகளின் மேலேயே புதிய காட்சிகள் பதிவாகும். சில நாளோ, சில வாரமோ, பெட்டியின் அளவைப் பொறுத்தது. காரியம் முடித்து, மனசு கொஞ்சம் தேறி வக்கீலைப் பார்க்க வரும்போது ஒரிஜினல் அழிந்திருக்கும். மிச்சம் இருப்பது, திரையைப் படம் பிடித்த ஒரு வீடியோவை ஃபார்வேர்டு செய்த நகல். அதற்கு யார் சான்றிதழ் கொடுப்பது? டீக்கடைக்காரரா, படம் பிடித்த உறவினரா?

இந்த மாதிரி இடத்தில் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். கேமராப் பதிவைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். கடைக்காரருக்கும் ஒரு கடிதம் கொடுக்கலாம். கேமரா வைத்திருப்பவர் சான்றிதழ் தர மறுத்தால், கோர்ட் மூலம் உத்தரவு கேட்கலாம் என்று 2020 தீர்ப்பிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. பதிவு அழியாமல் இருந்தால்தான் அந்த வழியால் பயன்.

ஒரே மேஜையில் இரண்டு புத்தகங்கள்

வக்கீல் பக்கத்துச் சிரமத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மக்காச்சோள அம்மாவின் கொழுந்தனார் மேல் 2023-ல் போட்ட ஓர் அடிதடி வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பழைய சட்டம். அம்மாவின் வழக்குக்குப் புதிய சட்டம். 2024 ஜூன் மாதம் நடந்த குற்றத்துக்கு ஆகஸ்டில் எஃப்.ஐ.ஆர் போட்டிருந்தால், பொதுவாகக் குற்றப் பிரிவு பழையது, விசாரணை நடைமுறை புதியது. ஒரே குடும்பத்தின் மூன்று வழக்குக்கு மூன்று கணக்கு.

முப்பது வருடம் நம்பராலேயே பேசிப் பழகியவர்களுக்கு இது பெரிய தலைவலி. கொலைக்கு 302 போய் 103(1). வரதட்சணைக் கொடுமைக்கு 498ஏ போய் 85. '144 போட்டாச்சு' என்றால் கூட்டம் கூடத் தடை என்று ஊருக்கே தெரியும். இப்போது அது 163. புதிய நடைமுறைச் சட்டத்தில் 144 என்றால் மனைவி, குழந்தை, பெற்றோருக்கான ஜீவனாம்சம். வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனுவை வக்கீல்கள் '482' என்பார்கள். இப்போது 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனுவுக்கு 528.

சட்டங்களின் பெயர்கள் தமிழ்நாட்டு நாக்குக்குப் புரளாதவை என்பதும், போதிய விவாதம் இல்லாமல் கொண்டுவரப்பட்டவை என்பதும் வக்கீல்களின் குறை. 2024 ஜூலையில் தமிழ்நாடு முழுவதும் போராட்டங்கள் நடந்தன. மாநில அளவில் என்ன திருத்தம் செய்யலாம் என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது.

இதோடு ஆன்லைனில் மனு தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் முறையும் சேர்ந்துகொண்டது. மனுவை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இன்டர்நெட் படுத்துவிட்டால், கரன்ட் போய்விட்டால், கடைசி நாள் தவறிவிடும் என்ற பயம் சின்ன ஊர் வக்கீல்களுக்கு நியாயமானதே.

ஜூனியர் இல்லாமல் ஓடாது

இந்த இடத்தில்தான் அந்த ஜூனியரின் அருமை தெரிகிறது. சீனியருக்குச் சட்டம் மனப்பாடம். ஆனால், 'ஒரிஜினல் எந்த போன்ல இருக்கு?' என்ற கேள்வி ஜூனியருக்குத்தான் முதலில் தோன்றியது. ஹேஷ் எடுப்பதும், சான்றிதழ் படிவத்தை நிரப்புவதும், இ-ஃபைலிங்குக்கு உட்காருவதும் அவர்தான்.

ஆனால் ஜூனியர்களில் பலருக்குச் சீனியர் கொடுப்பது பஸ் காசுதான் என்பது கோர்ட் வளாகங்களில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2024 ஜூனில் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்றது. பெரம்பலூரும் அரியலூரும் இந்த 15,000 கணக்கில் வருகின்றன.

சின்ன ஊர் சீனியருக்கும் ஒரு பதில் இருக்கிறது. "கட்சிக்காரர் எனக்கே வாய்தாவுக்கு 500 ரூபாய்தான் கொடுக்கறார். நான் எங்கே போய் 15,000 கொடுக்கறது?" இரண்டு பக்கமும் பொய்யில்லை. ஆனால், உதவித்தொகை இல்லாவிட்டால் அந்த ஜூனியர் வேறு வேலைக்குப் போய்விடுவார். 63-வது பிரிவு கேட்கும் வேலையைச் செய்ய சின்ன ஊரில் ஆள் இருக்காது. அந்த நஷ்டம் கடைசியில் மக்காச்சோளம் விற்ற அம்மாவைத்தான் சேரும்.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. வக்கீலாகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்துவந்த கட்டணத்தை, சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். கிராமத்திலிருந்து சட்டம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

வழக்கு வருமோ என்ற சந்தேகம் வந்த நாளிலேயே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. மெசேஜ் முதலில் எந்த போனுக்கு வந்ததோ, அந்த போன்தான் முக்கியம். அதை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்ச் செய்யாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

2. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று ஒரிஜினல் மெசேஜை அழிக்காதீர்கள். அந்த சாட்டில் தானாக மறையும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

3. வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் முழு உரையாடலையும் எடுத்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்தால், மிச்சத்தை ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்வி வரும்.

4. ஆடியோ, வீடியோவை 'எடிட்' செய்யாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று கூட்டவும் வேண்டாம்.

5. போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ எண் வரும். அதையும், போன் மாடல், நிறம், சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சான்றிதழின் 'அ' பாகத்தில் போன் மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ எண் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

6. போலீஸிடம் போனைக் கொடுத்தால், அதற்கு எழுத்து மூலம் ஒப்புகை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

7. 'ஆ' பாகத்தில் யார் கையெழுத்துப் போடுவார், எவ்வளவு செலவாகும் என்பதை வழக்குப் போடும் முன்பே வக்கீலிடம் கேளுங்கள். 'அ' பாகத்தில் கையெழுத்துப் போடும் முன், அதில் இருப்பதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

8. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100. ஆன்லைனில் பணத்தை இழந்திருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

9. வக்கீல் சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல்களின் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில் ஒழுங்கு மீறல் பற்றிய புகாரைப் பார் கவுன்சிலில் கொடுக்கலாம்.

கூண்டில் ஏறப்போவது யார்?

வேப்பந்தட்டை வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த நாள் அம்மா, போனை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு மகனோடு பெரம்பலூர் வருகிறார். ஜூனியர் அதை வாங்கி, அந்த வாய்ஸ் மெசேஜை ஒரு முறை போட்டுக் கேட்கிறார். வியாபாரியின் குரல் தெளிவாக இருக்கிறது. தேதியும் நேரமும் அப்படியே இருக்கின்றன.

"கோர்ட்டுல நீங்கதான் வந்து சொல்லணும்மா. இது உங்க போன், உங்களுக்குத்தான் இந்த மெசேஜ் வந்துச்சுன்னு."

"எனக்குப் படிக்கத் தெரியாதே பாப்பா."

"படிக்க வேண்டியதில்லம்மா. நடந்ததைச் சொன்னாப் போதும்."

நிபுணர் கையெழுத்து கிடைக்க இன்னும் அலைய வேண்டியிருக்கும். வழக்கு முடிய வருடங்கள் ஆகலாம். ஆனாலும் போன் பத்திரமாக இருப்பதால் வழக்குக்கு உயிர் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் பேரன், "பாட்டி, போனைக் குடு, கேம் விளையாடணும்" என்று கேட்கிறான்.

"இது இனிமே கேம் விளையாடுற போன் இல்லடா" என்று சொல்லிவிட்டு, அம்மா அதைப் பத்திரம் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.